ஒரே வீடு, அறைக்கு ஒரு தரை: ரெவிட்டில் எப்படி வரைவது?

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டை, கட்டடங்களை 3டி மாடலாக வரைகிற ரெவிட் மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. கீழ்த்தளம் முழுக்க ஒரே ஃப்ளோராகப் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் கேட்பதோ ஹாலுக்கு வெட்ரிஃபைடு டைல்ஸ், பூஜை அறைக்கு கிரானைட், பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ், தார்சா என்கிற முன்கூடத்துக்குப் பழைய வீடு மாதிரி ரெட் ஆக்சைடு. ஓரிடத்தில் மெட்டீரியலை மாற்றினால் வீடு முழுக்க மாறிவிடுகிறது, அறை அறையாக எப்படிப் பிரிப்பது என்கிறார். ரூம் ஷெட்யூலில், அதாவது அறைகளின் பட்டியலில், 'ஃப்ளோர் ஃபினிஷ்' கட்டம் ஏன் காலியாகவே இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, வீடு முழுக்க மாறுவது ரெவிட்டின் கோளாறு இல்லை. ஃப்ளோர் என்பது அங்கே ஒரு 'டைப்', அந்த டைப்புக்குள் அடுக்குகள். 'எடிட் டைப்' போய் மேலடுக்கின் மெட்டீரியலை மாற்றினால், அந்த டைப்பில் இருக்கிற தரை எல்லாம் மாறத்தான் செய்யும். உங்களிடம் இருப்பதோ ஒரே தரை.

இதற்கு எல்லோரும் முதலில் கண்டுபிடிக்கிற குறுக்குவழி 'ஸ்ப்ளிட் ஃபேஸ்'. தரையின் மேல்முகத்தில் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் 'பெயின்ட்' அடித்துவிடலாம். நாளைக் காலையில் வீட்டுக்காரரிடம் ஒரு 3டி படம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் பெயின்ட்டுக்குக் கனம் கிடையாது. 18 மி.மீ. கிரானைட்டும் 10 மி.மீ. டைல்ஸும் அதற்கு ஒன்றுதான். செக்‌ஷன் போட்டு, அதாவது வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பூஜை அறையும் பாத்ரூமும் ஒரே மட்டத்தில் கிடக்கும். ஒரு சுவரை அரை அடி நகர்த்தினால் பிரித்த கோடு பழைய இடத்திலேயே நிற்கும், நீங்கள்தான் போய் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும்.

கட்டுமானப் படமாக வெளியே போகிற எதற்கும் நான் செய்வது வேறு. அடியில் வருகிற கான்கிரீட்டை ஒரு ஃப்ளோராகவும், அதற்கு மேலே வருகிற தரைப்பூச்சை அறைக்கு ஒரு மெல்லிய ஃப்ளோராகவும் வரைவேன். கொத்தனார் வேலை செய்கிற வரிசையும் அதுதானே? நம்ம ஊரில் கீழ்த்தளத்துக்குக் கம்பி கட்டிய ஆர்சிசி ஸ்லாப் போடுகிறவர்கள் குறைவு. அஸ்திவாரத்தின் மேல் சுற்றிவருகிற கான்கிரீட் பெல்ட்டுக்குள் மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே 4 அங்குலம் பிசிசி, அதாவது கம்பி இல்லாத கான்கிரீட். பூச்சு வேலை எல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டுவார்கள். இரண்டும் வேறு நாள், வேறு ஆள், வேறு பில். மாடலில் மட்டும் ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உயரங்களை அளக்கத் தொடங்குகிற லெவல் 0 என்பது எது, பிசிசியின் மேல்மட்டமா, டைல்ஸ் போட்டு முடிந்த மட்டமா? முடிந்த மட்டத்தையே 0 ஆக வையுங்கள். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு பிசிசி மட்டத்தை 0 என்று வைத்து, தரைப்பூச்சை அதன்மேல் 60 மி.மீ. ஏற்றி வரைந்தேன். ரெவிட்டில் கதவு உட்காருவது லெவலில். தரைப்பூச்சு அதன் காலடியை மூடிக்கொண்டு போவதைப் பிளானில் பார்க்க முடியாது. கதவு ஷெட்யூலில் 7 அடி என்று போனது, ஆசாரியும் 7 அடிக்கு நிலை செய்துவந்து பிசிசி மட்டத்திலிருந்தே நிறுத்திவிட்டார். டைல்ஸ் ஏறியதும் எல்லா நிலையும் இரண்டரை அங்குலம் குட்டை. அத்தனை கதவையும் அடியில் சீவினோம். ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை, இழைப்புளியைத் தள்ளும்போது ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

சரி, உங்கள் வீட்டுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். ரெவிட்டில் ஃப்ளோரின் மேல்முகம்தான் லெவலில் உட்காரும், கனம் கீழ்நோக்கிப் போகும். 'ஹைட் ஆஃப்செட் ஃப்ரம் லெவல்' (லெவலிலிருந்து எவ்வளவு ஏற்றம், இறக்கம்) என்று கேட்பதும் மேல்முகத்துக்குத்தான். ஆகவே பிசிசி ஃப்ளோருக்கு ஆஃப்செட் -60 மி.மீ. ஹால், படுக்கையறைகளுக்கு 10 மி.மீ. டைல்ஸ், 50 மி.மீ. கலவை, ஆஃப்செட் 0. பூஜை அறைக்கு 18 கிரானைட், 42 கலவை, அதுவும் 0. தார்சாவில் மழைச்சாரல் அடிக்கும், ஹாலைவிட ஓர் அங்குலம் தாழ இருப்பது நல்லது. அங்கே ஆஃப்செட் -25, ரெட் ஆக்சைடு மேல்பூச்சு 10, அடியில் 25. எதைக் கூட்டினாலும் பிசிசியின் -60 வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் செக்‌ஷனில் தரை அந்தரத்தில் தொங்கும், அல்லது பிசிசிக்குள் புதைந்துவிடும்.

டைப்புகளை ஒன்றிலிருந்து ஒன்றாக 'டூப்ளிகேட்' செய்து உண்டாக்குங்கள். பெயரில் பொருளும் மொத்தக் கனமும் இருக்கட்டும்: 'தரைப்பூச்சு வெட்ரிஃபைடு 60', 'தரைப்பூச்சு கிரானைட் 60' என்கிற மாதிரி. எல்லாம் ஒரே சொல்லில் தொடங்கினால் பிறகு ஷெட்யூலில் பிசிசியைத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் வடிகட்டுவது சுலபம். வீட்டுக்காரர் பாதியில் மனம் மாறி ஆத்தங்குடி டைல்ஸ் வேண்டும் என்று நின்றாலும் கவலை இல்லை. கண்ணாடிப் பலகையில் வார்க்கிற அந்த சிமென்ட் ஓடு முக்கால் அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும். டைப்பை டூப்ளிகேட் செய்து ஓட்டுக்கு 20, கலவைக்கு 40 என்று மாற்றினால் மட்டம் அசையாது.

வரையும்போது கவனிக்க வேண்டியவை சில. 'பிக் வால்ஸ்' எடுத்து அறையின் நான்கு சுவரையும் தொடுங்கள். கோடு சுவரோடு கட்டுப்பட்டிருக்கும், சுவர் நகர்ந்தால் தரையும் வரும். மேலே 'எக்ஸ்டெண்ட் இன்டு வால்' என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தரை சுவர்ப்பூச்சுக்கு அடியில் செங்கல் வரை நுழைந்துவிடும். நிஜத்தில் பூச்சு முடிந்த பிறகுதான் டைல்ஸ் வருகிறது, அதன் விளிம்பைச் சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்டிங் பட்டை மூடுகிறது. முடிக்கும்போது, கீழே உள்ள சுவர்களை இந்தத் தரையின் அடியோடு ஒட்டவா என்று ரெவிட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாடியில் அவசரத்தில் 'சரி' தட்டினால் கீழ்வீட்டுச் சுவர்கள் ஸ்லாப்பைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி டைல்ஸ் கலவையைத் தொடும். இதை ஒரு பிரிண்ட்டில் பார்த்துவிட்டு ஒரு ஒப்பந்தக்காரர் என்னிடம், "என்ன அண்ணாச்சி, செவரு கான்கிரீட்டத் தொளச்சிட்டுப் போவுது?" என்று கேட்டார்.

சுவர்கள் லெவல் 0-வில் தொடங்குகின்றன, பிசிசி -60-ல் இருக்கிறது. சுவரின் 'பேஸ் ஆஃப்செட்'டை பெல்ட்டின் மேல்மட்டம் வரை இறக்காவிட்டால், செக்‌ஷனில் சுவருக்கு அடியில் ஒரு பொந்து தெரியும். பலரும் அதை மறைக்கத் தரையைச் சுவருக்கு அடியில் நீட்டிவிடுகிறார்கள். தரை அல்ல, சுவர்தான் இறங்க வேண்டும்.

இனி வாசல். தரையை அறை அறையாகப் பிரிக்கிறவர்களில் பாதிப்பேர் கோட்டை விடுகிற இடம் இது. நான்கு சுவரின் உள்முகத்தைத் தொட்டு வரைந்தால், நிலைக்கு அடியில் சுவர்க் கனத்துக்கு ஒரு பட்டை வெறுமையாகக் கிடக்கும். 9 அங்குலச் சுவரில் மூன்றரை அடி நிலை என்றால் அந்தப் பட்டை இரண்டரைச் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. எட்டு நிலை இருக்கிற வீட்டில் மொத்தமாக ஒரு பெட்டி டைல்ஸுக்கு மேல் போய்விடும். இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் ஒரு பெட்டிக்கு நாலுதானே வரும்.

அந்தப் பட்டை யாருக்குச் சொந்தம்? கதவை மூடினால் இந்த அறையிலிருந்து அந்த அறைத் தரை தெரியக்கூடாது, அதுதான் விதி. ஆக இரண்டு தரையும் சந்திக்கிற கோடு மூடிய கதவுப் பலகைக்கு நேர் அடியில் வர வேண்டும். கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அந்தப் பக்க விளிம்பில்தான் பலகை நிற்கும். ஹால் தரையின் ஸ்கெட்சில், சுவர் முகத்தில் ஓடுகிற கோட்டை நிலையின் அகலத்துக்கு உடைத்து, சின்ன நாக்கு மாதிரி உள்ளே நீட்டி பலகை வரைக்கும் கொண்டுபோங்கள். அடுத்த அறைத் தரை அங்கிருந்து ஆரம்பம். பாத்ரூம் வாசலில் கிரானைட் படி ஒன்று போடுவார்களே, அதைத் தனியாக ஒரு குட்டி ஃப்ளோராகவே வரைந்துவிடுங்கள், அரை அங்குலம் உயர்த்தி. ஷெட்யூலில் அதுவும் எண்ணிக்கையில் வரும்.

பாத்ரூம்தான் இந்த முறையின் பலன் தெரிகிற இடம். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டு வேலையில் கொத்தனார் ஒருவர் என் படத்தை விரித்து, விரலை வைத்துக் கேட்டார்: "சார், பெட்ரூமும் பாத்ரூமும் ஒரே மட்டமால்லா கெடக்கு. வாட்டம் எங்க? தண்ணி எங்கன போவும்?" அன்றிலிருந்து வாட்டத்தை மாடலிலேயே போட்டுவிடுகிறேன்.

உங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி என்று வைத்துக்கொள்வோம், அதாவது நீளம் சுமார் 2400. கதவு ஒரு கோடியில், தண்ணீர் வெளியேறுகிற நஹானி டிராப் மறு கோடி மூலையில். கதவுப் பக்கம் தரை -25. 80-க்கு 1 வாட்டம் கொடுத்தால் மறு கோடியில் இன்னும் 30 இறங்கி -55. அங்கேயும் டைல்ஸுக்கு அடியில் போதிய கலவை வேண்டும் என்பதால், பாத்ரூம் பிசிசியைத் தனியாகப் பிரித்து -100-ல் வையுங்கள். பெரிய பிசிசியின் ஸ்கெட்சில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு உள்கட்டம் போட்டு வெட்டிவிட்டால் போதும். டைல்ஸ் 8 என்றால் கதவுப் பக்கம் கலவை 67, டிராப் பக்கம் 37.

இதற்கு டைப்பில் டைல்ஸ் 8, கலவை 67 என்று போட்டு, கலவை அடுக்குக்கு மட்டும் 'வேரியபிள்' பெட்டியில் டிக் வையுங்கள். பிறகு தரையைத் தேர்ந்தெடுத்து, 'மாடிஃபை சப் எலிமென்ட்ஸ்' போய், டிராப் இருக்கிற இடத்தில் 'ஆட் பாயின்ட்' போட்டு -30 கொடுங்கள். அந்தக் கோடியின் இரண்டு மூலைகளையும் பாருங்கள், அவற்றையும் இறக்க வேண்டியிருக்கும். வேரியபிள் டிக் இருந்தால் கலவையின் அடிப்பாகம் பிசிசிமேல் சமமாகவே இருக்கும், மேல்பக்கம் மட்டும் சரியும். டிக் இல்லையென்றால் தரை முழுக்க அதே கனத்தோடு சாய்ந்து பிசிசிக்குள் போய்விடும். ஒரு டைப்பில் ஓர் அடுக்கைத்தான் வேரியபிள் ஆக்க முடியும். நமக்கு அந்த ஒன்று போதும்.

ரெட் ஆக்சைடு தார்சா பற்றி ஒரு வார்த்தை. பத்தமடைப் பாயை விரித்து மத்தியானம் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் அந்தத் தரையின் அருமை தெரியும், வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். மாடலில் அதற்கு சர்ஃபேஸ் பேட்டர்ன் எதுவும் வேண்டாம், வெறும் நிறம் மட்டும். பேட்டர்னை அப்படியே விட்டுவிட்டால் தார்சாவில் டைல்ஸ் கோடு தெரியும், யாராவது அதைப் பார்த்து டைல்ஸ் வாங்கிவந்து இறக்கிவிடுவார்கள். அதைப் போடத் தெரிந்த கை கிடைக்கிறதா என்று இப்போதே விசாரித்து வைப்பது மாடலைவிட முக்கியம்.

டைல்ஸ் அறைகளுக்கு பேட்டர்ன் கட்டாயம் வேண்டும், அதுவும் 'மாடல்' வகைப் பேட்டர்ன். 'டிராஃப்டிங்' வகை, படத்தின் ஸ்கேலுக்குத் தகுந்த மாதிரி பெரிதும் சிறிதுமாகக் காட்டும், அளவுக்கு நம்ப முடியாது. மாடல் பேட்டர்னில் 600-க்கு 600 என்றால் 600-தான். அதன் கோட்டை 'டேப்' தட்டித் தேர்ந்தெடுத்து 'அலைன்' கொண்டு சுவரோடு, நிலையின் நடுவோடு எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். 11 அடி அறை என்றால் 3353 மி.மீ. ஒரு சுவரிலிருந்து முழு ஓடாக ஆரம்பித்தால் ஐந்து முழு ஓடு, கடைசியில் 353 துண்டு. நடுவிலிருந்து பிரித்து நாலு முழு ஓடு வைத்தால் இரண்டு ஓரத்திலும் 476. இரண்டாவது கண்ணுக்கு அழகு. ஆனால் 353 துண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது என்றால் முதலாவதே மேல், வாசலில் நிற்கிறவர் முழு ஓட்டைத்தான் பார்ப்பார். இந்த முடிவைக் கொத்தனார் முதல் நாள் காலையில் சணல் கட்டும்போது எடுப்பதைவிட நீங்கள் படத்தில் எடுத்துவிடுவது நல்லது.

இனி அந்தக் காலிக் கட்டம். ரூமில் இருக்கிற 'ஃப்ளோர் ஃபினிஷ்' வெறும் எழுத்துக் கட்டம். நீங்கள் தட்டச்சு செய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கீழே கிடக்கிற ஃப்ளோர் கிரானைட்டா டைல்ஸா என்று ரூமுக்குத் தெரியாது. தான் எந்த ரூமில் கிடக்கிறோம் என்று ஃப்ளோருக்கும் தெரியாது. ஒரு 'கீ ஷெட்யூல்' உண்டாக்கி 'படுக்கையறை', 'ஈரப்பகுதி', 'பூஜை' என்று சில வகை வைத்து, தரை, ஸ்கர்டிங், சுவர் மூன்றையும் அதில் எழுதிவிட்டால், ஒவ்வொரு அறைக்கும் வகையை மட்டும் சொன்னால் கட்டம் நிரம்பிவிடும். ஆனால் அது அறிவிப்புப் பலகைதான், அளவு அல்ல. சதுர அடிக் கணக்கை ஃப்ளோர் ஷெட்யூலிலிருந்தே எடுங்கள். ஒவ்வொரு தரைப்பூச்சு ஃப்ளோரின் 'கமென்ட்ஸ்' கட்டத்திலும் அறையின் பெயரை எழுதிவைத்தால் எது எங்கே என்று குழப்பம் வராது. ரூமின் பரப்பை நம்பி டைல்ஸ் வாங்கினால் வாசல் பட்டைகள் கணக்கில் வராது. ஸ்கர்டிங்குக்கு மட்டும் ரூமின் 'பெரிமீட்டர்' (சுற்றளவு) உதவும், நிலைகளின் அகலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டடி ஓடு ஒன்றில் 4 அங்குலப் பட்டை ஆறு, அதாவது 12 அடி ஓட்டம், வெட்டும் பிளேடு தின்பது போக.

முடிந்த மட்டத்தை 0 வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரத்தில் வரைந்து வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் பேஸ்மட்டத்தை 2 அடியிலிருந்து மூன்றரை அடிக்கு ஏற்றச் சொன்னார். தரை, சுவர், கதவு ஒன்றையும் தொடவில்லை. மண்தரை லெவலை -600-லிருந்து -1050-க்கு இறக்கினேன், வாசல் படி நாலு ஏழானது, அஸ்திவாரச் சுவரின் அடி லெவலோடு இறங்கியது. டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

வேறு மென்பொருள்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு கிடையாது என்று யாராவது சொன்னால் பாதி உண்மை. ஸ்வீட் ஹோம் 3டி இலவசம், சுவருக்குள் இரண்டு தட்டு தட்டினால் அறை உண்டாகும், அறைக்கு அறை தரை நிறமும் டெக்ஸ்சரும் கொடுக்கலாம். சீஃப் ஆர்க்கிடெக்டில் தரையின் அடுக்குகளே அறையின் பண்பாக இருக்கும், அறையைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். ஸ்கெட்ச்அப்பில் கோடு போட்டால் முகம் பிரிந்துவிடும், பக்கெட்டை எடுத்து ஊற்ற வேண்டியதுதான். ஆனால் ஸ்வீட் ஹோமிலும் ஸ்கெட்ச்அப்பிலும் சும்மா நிறம் கொடுத்தால் அதுவும் நம்ம பெயின்ட் கதைதான். குற்றாலத்து லாட்ஜ் மாதிரி நாற்பது அறை வருகிற வேலைக்கு, ரெவிட்டோடு வருகிற டைனமோ என்கிற நிரல் எழுதும் கருவியில் ரூம் எல்லையிலிருந்து தரையை உண்டாக்குகிற ஸ்கிரிப்ட் எழுதலாம். அப்போதும் வாசல் நாக்குகளைக் கையால்தான் திருத்த வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும்.

மாடி பாத்ரூமுக்கும் இதே முறைதான், ஒரு வித்தியாசம்: அங்கே அடியில் பிசிசி இல்லை, தாழ்த்திய ஸ்லாப். ஸ்லாப் எவ்வளவு தாழ்கிறது, உள்ளே என்ன நிரப்புகிறார்கள் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் படத்தைப் பார்த்து அப்படியே போடுங்கள், நீங்களாக ஓர் எண்ணை வைக்காதீர்கள். நிரப்புப் பொருளை இன்னொரு ஃப்ளோராக வரைந்து, அதன்மேல் தரைப்பூச்சு. எல்லாம் முடிந்ததும் பாத்ரூம் வாசலில், ஹாலிலிருந்து டிராப் வரைக்கும் ஒரு செக்‌ஷன் வெட்டி, 1:10-ல் தனித் தாளில் அச்செடுத்து, சென்ட்ரிங் அடிக்கிறதுக்கு முன்னாலேயே கொத்தனார் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் விரலை வைத்துக் கேட்கிற முதல் கேள்விக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரும்ப இங்கே கேளுங்கள்.